படிப்பா, அரசியலா? மாணவர் அம்பேத்கர் தந்த விடை

கல்லூரியில் சேரும் பிள்ளைக்கு நம் தெருக்களில் சொல்லி அனுப்பும் முதல் புத்திமதி, அரசியல் பக்கம் மட்டும் போய்விடாதே என்பதுதான். பயத்தில் சொல்வது அது. நூறு நாள் வேலைக்குப் போய், ஆட்டை விற்று, தோட்டை அடகு வைத்துப் படிக்க அனுப்பிய தாய்க்கு, மகன் மேல் ஒரு போலீஸ் வழக்கு விழுந்தால் அரசு வேலை போய்விடுமே என்ற கவலை. மேடையில் பேசுகிறவர்களோ, மாணவர்கள் வீதிக்கு வராவிட்டால் எதுவும் மாறாது என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் அந்தப் பிள்ளை விழித்துக்கொண்டு நிற்கிறது.

இந்தக் கேள்விக்குத் தம் வாழ்க்கையையே விடையாக வைத்துவிட்டுப் போனவர் அண்ணல் அம்பேத்கர். நீலக் கோட்டும் கையில் அரசமைப்புச் சட்டப் புத்தகமுமாகத் தெருமுனையில் நிற்கும் அவரை நாம் தலைவராக, சட்ட மேதையாக அறிவோம். ஆனால், முப்பத்திரண்டு வயது வரை அவருடைய வாழ்க்கையில் பெரும்பகுதி மாணவ வாழ்க்கையே. அந்த மாணவர் அரசியலுக்கு எப்படி வந்தார், எது அவரைத் தடுத்தது, எது அவரை உந்தியது என்று பார்த்தால் நம் வீட்டுப் பிள்ளைகளின் நிலையும் விளங்கும்.

ஒரு பிள்ளைக்குத்தான் வசதி

1891 ஏப்ரல் 14 அன்று, இன்றைய மத்தியப் பிரதேசத்தில் உள்ள மாவ் ராணுவ முகாமில் பீமராவ் பிறந்தார். பெற்றோருக்கு அவர் பதினான்காவது பிள்ளை. தந்தை ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார். ராணுவப் பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தவர். மகர் சாதியில் பிறந்தும் எழுத்தறிவு அந்த வீட்டுக்குள் முன்பே வந்திருந்ததற்கு ராணுவமே காரணம்.

சதாரா பள்ளியில் அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த சாக்கின் மேல் தனியாக உட்கார்ந்ததும், கடைநிலை ஊழியர் வந்து தண்ணீர் ஊற்றினால்தான் தாகம் தீர்ந்ததும் பலருக்கும் தெரிந்த கதை. பிறகு குடும்பம் பம்பாயின் பரேல் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. மில் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த குடியிருப்பில் ஒரே ஓர் அறை. அதுதான் சமையலறை, படுக்கையறை, படிப்பறை. இரவு இரண்டு மணிக்குத் தந்தை மகனை எழுப்பிவிடுவார். எல்லோரும் தூங்கும் அந்த நேரத்தில், மண்ணெண்ணெய் விளக்கடியில் பீமராவ் படிப்பார். இரண்டு மகன்களையும் படிக்கவைக்க ராம்ஜியிடம் பணம் இல்லை. அண்ணன் வேலைக்குப் போனார்; தம்பி படித்தார். இன்றும் நம் ஊர்களில் ஒரு பட்டதாரிக்குப் பின்னால் படிப்பை நிறுத்திய ஓர் அண்ணனோ அக்காவோ இருப்பதைப் பார்க்கிறோம்.

1907-ல் மெட்ரிகுலேஷன் தேறினார். அதற்காக நடந்த பாராட்டுக் கூட்டத்தில், கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்ற ஆசிரியர் தாம் எழுதிய புத்தர் வரலாற்று நூலைப் பரிசளித்தார். பூங்காவில் தினமும் உட்கார்ந்து படிக்கும் பையனாக பீமராவை அவர் முன்பே கவனித்திருந்தார். மேற்படிப்புக்குப் பணமின்றித் தடுமாறியபோது அவரைப் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட்டிடம் அறிமுகம் செய்ததும் கேளுஸ்கர்தான். மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. எல்பின்ஸ்டன் கல்லூரியில் படிப்பு தொடர்ந்தது.

1908-ல் திலகருக்குச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டதை எதிர்த்துப் பம்பாய் மில் தொழிலாளர்கள் ஆறு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நகரமே சுயராஜ்யம் பேசிய காலம் அது. அதே காலத்தில் எல்பின்ஸ்டன் கல்லூரியில் சிற்றுண்டி நடத்தியவர் மாணவர் அம்பேத்கருக்குத் தேநீரோ தண்ணீரோ தர மறுத்தார். வெளியே விடுதலை முழக்கம். உள்ளே ஒரு குவளை தண்ணீர் கிடையாது. எந்த அரசியல் தமக்கானது என்ற கேள்வி அவருக்குள் விழுந்ததற்கு இதைவிட வேறு பாடம் வேண்டியதில்லை. அக்கல்லூரியிலேயே முல்லர் என்ற பேராசிரியர் அவருக்குப் புத்தகங்களும் உடைகளும் கொடுத்து உதவினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நியூயார்க்கில் மூன்று ஆண்டுகள்

பி.ஏ. முடித்ததும் 1913-ல் பரோடா அரசுப் பணியில் சேர்ந்தார். சில நாட்களிலேயே தந்தை இறந்தார். அந்த ஆண்டில்தான் வெளிநாட்டில் படிக்கப் பரோடா அரசின் உதவித்தொகை கிடைத்தது. மாதம் பதினொன்றரை பவுன், மூன்று ஆண்டுகளுக்கு. 1913 ஜூன் 4 அன்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். படித்து முடித்து வந்து பத்து ஆண்டுகள் பரோடா அரசில் வேலை செய்ய வேண்டும் என்பது நிபந்தனை.

ஜூலையில் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதன்முறையாக, யாரோடும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட முடிந்தது. நவல் பதேனா என்ற பார்சி மாணவர் விடுதித் தோழரானார். அந்த நட்பு கடைசிவரை நீடித்தது. பொருளாதாரத்துக்கு எட்வின் செலிக்மன், தத்துவத்துக்கு ஜான் டூயி போன்ற ஆசிரியர்கள் கிடைத்தார்கள். ஜனநாயகம் என்பது ஆட்சி முறை மட்டுமல்ல, மனிதர்கள் சேர்ந்து வாழும் முறை என்ற டூயியின் சிந்தனை, பின்னாளில் அம்பேத்கரின் எழுத்து முழுவதிலும் ஓடியது. பொருளாதாரம், வரலாறு, சமூகவியல், மானிடவியல், தத்துவம், அரசியல் என எத்தனையோ பாடங்கள் எடுத்தார். ஒரு நாளில் பதினெட்டு மணி நேரம் படித்தார். கிடைத்த பணத்தில் ஊருக்கு அனுப்பியது போக மீதம் பழைய புத்தகக் கடைகளுக்குப் போயிற்று. 1915-ல் எம்.ஏ. பட்டம் பெற்றார்.

அப்போது லாலா லஜபதி ராய் நியூயார்க்கில் இருந்தார். அமெரிக்காவில் இருந்த இந்திய மாணவர்களை விடுதலை இயக்கத்துக்குத் திரட்டும் வேலையில் ஈடுபட்டிருந்த அவர், அம்பேத்கரிடமும் பேசினார். அம்பேத்கர் சேரவில்லை. மன்னருக்குக் கொடுத்த வாக்கை மீறக் கூடாது, படிப்பை முடிக்க வேண்டும் என்பது அவர் நிலை. உதவித்தொகை நின்றுபோனால் அவருக்குக் கைகொடுக்கச் சொத்து இல்லை, சொந்தம் இல்லை. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அரசியல் ஒரு விருப்பம். உதவித்தொகையில் படிக்கும் பிள்ளை ஒவ்வொரு அடிக்கும் விலை கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. இதைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

அதற்காக அவர் சும்மா இருந்துவிடவும் இல்லை. 1916 மே 9 அன்று, கோல்டன்வைசர் என்ற பேராசிரியர் நடத்திய மானிடவியல் கருத்தரங்கில், இந்தியாவில் சாதிகள் எப்படித் தோன்றின, எப்படிப் பரவின என்பது பற்றி ஒரு கட்டுரை படித்தார். சாதிக்குள்ளேயே மணம் முடிக்கும் வழக்கம்தான் சாதியின் உயிர்நாடி என்று அதில் நிறுவினார். விதவையின் துயரம், குழந்தை மணம் ஆகியவற்றையும் அந்த வழக்கத்தோடு சேர்த்து விளக்கினார். இருபத்தைந்து வயது மாணவர், கொடி பிடிக்காமல், கூட்டம் போடாமல் செய்த அரசியல் அது. இன்று சாதி மறுப்புத் திருமணம் செய்தவர்களை வெட்டிக் கொல்லும் செய்தியைப் படிக்கும்போதெல்லாம், அந்த வகுப்பறைக் கட்டுரை நூறாண்டு கடந்தும் உயிரோடு இருப்பது தெரிகிறது.

பட்டமும் பரோடாவும்

அடுத்து லண்டன் போனார். பொருளாதாரப் பள்ளியிலும் கிரேஸ் இன் சட்ட நிறுவனத்திலும் சேர்ந்தார். ஆனால், உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டதால் 1917-ல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப நேர்ந்தது. ஒப்பந்தப்படி பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தார். அமெரிக்கப் பட்டம் பெற்ற அதிகாரிக்கு அந்த ஊரில் தங்க ஓர் இடம் கிடைக்கவில்லை. அலுவலகத்தில் கடைநிலை ஊழியர்கள் கோப்புகளைத் தூரத்திலிருந்து மேசை மேல் வீசினார்கள். குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. பார்சிகளின் விடுதி ஒன்றில் பார்சி பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. பம்பாய் ரயிலுக்காகக் காத்திருந்த அந்த நாளில், ஒரு பூங்கா மரத்தடியில் உட்கார்ந்து கண்ணீர் விட்டார்.

படித்து முன்னேறினால் சாதி தானாகப் போய்விடும் என்று நம்புகிறவர்கள் பரோடாவை நினைத்துப் பார்க்க வேண்டும். பட்டம் அவரைக் காப்பாற்றவில்லை. ஆனால், தமக்கு நடந்ததை விதி என்று விடாமல், அதன் காரணத்தைக் கண்டுபிடித்து எழுதவும் எதிர்த்து நிற்கவும் அந்தப் படிப்புதான் அவருக்குத் துணை நின்றது.

பாதிப் படிப்பும் பத்திரிகையும்

1918-ல் பம்பாய் சிடனம் கல்லூரியில் பேராசிரியரானார். மாதச் சம்பளம் 450 ரூபாய். லண்டனில் விட்டுவந்த படிப்புக்காகக் காசு சேர்த்தார். அங்கும் ஆசிரியர் அறையின் பொதுப் பானையில் அவர் தண்ணீர் எடுப்பதைச் சக பேராசிரியர்கள் ஆட்சேபித்தார்கள். மாணவர்கள் மட்டும் மாறினார்கள். தீண்டப்படாத சாதிக்காரர் என்ன நடத்திவிடப் போகிறார் என்று அலட்சியமாக இருந்தவர்கள், அவர் பாடம் நடத்தக் கேட்டபின் மரியாதை காட்டினார்கள். வேறு கல்லூரி மாணவர்களும் அனுமதி பெற்று அவர் வகுப்புக்கு வந்தார்கள்.

1919 ஜனவரி 27 அன்று, வாக்குரிமை பற்றி விசாரித்த சவுத்பரோ குழுவின் முன் சாட்சியம் சொன்னார். தீண்டப்படாத மக்களுக்கு வாக்குரிமையும், மக்கள்தொகைக்கு ஏற்ற பிரதிநிதித்துவமும் வேண்டும் என்று வாதிட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. 1920 ஜனவரி 31 அன்று ‘மூக்நாயக்’ இதழ் வெளிவந்தது. கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் பண உதவி செய்தார். அரசுக் கல்லூரியில் வேலை பார்த்ததால் அம்பேத்கர் ஆசிரியராகத் தம் பெயரைப் போட்டுக்கொள்ள முடியவில்லை. வேறொருவர் பெயர் போடப்பட்டது. பெற்ற தாய்மாரின் இன்றைய பயம் அன்று அவருக்கும் இருந்தது என்பதற்கு அந்த இதழின் முகப்பே சாட்சி. பயத்துக்காக எழுதாமல் இருக்கவில்லை. எழுதுவதற்கான வழியைக் கண்டுபிடித்தார்.

அதே ஆண்டு மார்ச்சில் மாண்காவ் மாநாட்டிலும், மே இறுதியில் நாகபுரி மாநாட்டிலும் கலந்துகொண்டார். மக்களிடையே தலைவராக உயர்ந்துகொண்டிருந்த நேரம். வேறொருவராக இருந்தால் அங்கேயே நின்றிருப்பார். அவரோ வேலையை விட்டுவிட்டு, தாம் சேர்த்த பணம், நண்பர் பதேனா கொடுத்த ஐயாயிரம் ரூபாய் கடன், சாகு மகராஜின் உதவி ஆகியவற்றோடு லண்டனுக்குத் திரும்பினார். மறுபடியும் மாணவர் ஆனார்.

லண்டனில் காலை உணவு ஒரு துண்டு ரொட்டி, கொஞ்சம் மீன், ஒரு கோப்பை பானம். நாள் முழுவதும் பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகம். ஊரில் ரமாபாய் கொஞ்சப் பணத்தில் குடும்பத்தை இழுத்துப்பிடித்தார். சாணி பொறுக்கி வறட்டி தட்டியவர் அந்த அம்மையார். பெற்ற ஐந்து பிள்ளைகளில் நால்வரை அந்தத் தம்பதி பறிகொடுத்தார்கள். ஒரு மாணவரின் அரசியலுக்கு வீட்டிலிருக்கும் பெண் கொடுக்கும் விலை எந்தச் சிலையிலும் செதுக்கப்படுவதில்லை.

லண்டனில் மாணவர் சங்கக் கூட்டத்தில் இந்தியாவின் பொறுப்பாட்சி பற்றி அவர் படித்த கட்டுரை பெரும் பரபரப்பை உண்டாக்கியது. அதன் கருத்துகள் புரட்சித்தன்மை உடையவை என்று பேராசிரியர் ஹெரால்ட் லாஸ்கி கருதியதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். ரூபாயின் சிக்கல் பற்றிய ஆய்வேட்டில் பிரிட்டிஷ் அரசின் நாணயக் கொள்கையைக் கடுமையாக விமர்சித்தார். தேர்வாளர்கள் திருத்தி எழுதச் சொன்னார்கள். எழுத்தைத் திருத்தினார், முடிவுகளை மாற்றவில்லை. 1923-ல் டி.எஸ்சி. பட்டம் கிடைத்தது. வழக்கறிஞர் தகுதியும் பெற்று அந்த ஆண்டே ஊர் திரும்பினார்.

முதலில் கட்டியது விடுதி

1924 ஜூலை 20 அன்று பகிஷ்கிருத் ஹிதகாரிணி சபையைத் தொடங்கினார். அந்தச் சபையின் முதல் வேலைகளில் ஒன்று, 1925 ஜனவரியில் சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தது. சோறு, துணி, தங்குமிடம் கிடைத்தது. அங்கிருந்த பிள்ளைகள் ‘சரஸ்வதி விலாஸ்’ என்ற இதழையும் நடத்தினார்கள். இரவு இரண்டு மணிக்கு எழுந்து படித்தவருக்கு, படுக்க ஓர் இடமும் படிக்க ஒரு விளக்கும் எவ்வளவு பெரிய அரசியல் என்று தெரியும்.

1927 மார்ச் 20 அன்று மகாத் சவுதார் குளத்தில் தண்ணீர் அள்ளக் கிளம்பிய ஊர்வலம் வந்தது. பதினைந்து வயதுப் பையன் முதல் எழுபது வயதுப் பெரியவர் வரை அந்த மாநாட்டுக்கு வந்திருந்தார்கள். குளத்து நீரைக் குடித்துவிட்டுத் திரும்பியவர்கள் மேல் தாக்குதல் நடந்தது. கல்லூரியில் மறுக்கப்பட்ட தண்ணீர், பரோடாவில் மறுக்கப்பட்ட தண்ணீர், ஆசிரியர் அறைப் பானைத் தண்ணீர் எல்லாம் சேர்ந்துதான் மகாத் குளத்துக்கு வந்தன.

1942-ல் வெள்ளையனே வெளியேறு இயக்கம் வெடித்தபோது நாடெங்கும் மாணவர்கள் கல்லூரிகளை விட்டு வெளியேறினார்கள். நம் பிள்ளைகளில் வெளியேறும் அளவுக்கு உள்ளே இருந்தவர்கள் எத்தனை பேர்? விரல்விட்டு எண்ணிவிடலாம். அதே 1942 அக்டோபரில், வைஸ்ராயின் நிர்வாகக் குழு உறுப்பினராக இருந்த அம்பேத்கர், பட்டியல் சாதியினரின் குறைகளை விளக்கி வைஸ்ராயிடம் ஒரு மனு கொடுத்தார். உயர்கல்விக்கு அரசுப் பணம் வேண்டும் என்பது அதன் முக்கியக் கோரிக்கை. அதன் பயனாக ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. நம் மாணவர்கள் வெளிநாட்டுக்கும் போய்ப் படித்தார்கள். இன்று பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பட்டியல் சாதிப் பிள்ளைகள் வாங்கும் கல்வி உதவித்தொகையின் வேர் அங்கே இருக்கிறது.

1945-ல் மக்கள் கல்விக் கழகம் தொடங்கினார். 1946-ல் பம்பாயில் சித்தார்த் கல்லூரி. வேலைக்குப் போகிறவர்களும் படிக்கட்டும் என்று அங்கே காலை வகுப்புகள் நடத்தப்பட்டன. மாணவர் நாடாளுமன்றம் அமைத்து, சட்ட மசோதாக்களை விவாதிக்கப் பயிற்சி தரப்பட்டது. 1950-ல் ஔரங்காபாத்தில் இன்னொரு கல்லூரி தொடங்கினார். அதுவே பின்னர் மிலிந்த் கல்லூரி ஆனது. மராத்வாடாவின் வறண்ட கிராமங்களிலிருந்து வந்த முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்கு அதுதான் கதவு.

ஆனால், கல்வி கிடைத்தால் அரசியல் உணர்வு தானாக வந்துவிடும் என்று அவரும் கடைசியில் நம்பவில்லை. 1956-ல் ஆக்ராவில் பேசியபோது, படித்து வேலைக்குப் போனவர்கள் தம் மக்களைத் திரும்பிப் பார்க்கவில்லை என்று மனம் நொந்தார். அந்த ஆண்டு டிசம்பர் 6 அன்று மறைந்தார்.

அவருக்குப் பின்

அந்த மனக்குறைக்கு அவர் கட்டிய விடுதிகளே பிறகு பதில் சொல்லின. தீண்டாமை குறித்து ஆராய இந்திய அரசு அமைத்த குழுவுக்குத் தலைமை ஏற்றவர், தமிழ்நாட்டின் காட்டுமன்னார்கோயில் பகுதியைச் சேர்ந்த எல்.இளையபெருமாள். நாடெங்கும் நடந்த கொடுமைகளை அந்தக் குழுவின் அறிக்கை அம்பலப்படுத்தியது. பம்பாயில் சித்தார்த் விஹார் விடுதியில் கூடிய இளைஞர்கள் அந்த அறிக்கையைப் பேசினார்கள். 1972-ல் தலித் சிறுத்தைகள் இயக்கம் பிறந்தது. ஒரு தமிழரின் அறிக்கை, ஒரு மராத்தி விடுதி, ஒரு புதிய இயக்கம்.

1978 ஜூலையில் மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கர் பெயர் சூட்ட மகாராஷ்டிர சட்டப்பேரவை தீர்மானம் நிறைவேற்றியது. உடனே கலவரம். கிராமங்களில் தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. பதினாறு ஆண்டுகள் போராடி, 1994 ஜனவரி 14 அன்றுதான் அந்தப் பெயர் வந்தது. அந்தப் போராட்டத்தின் முன்வரிசையில் நின்றவர்கள் மாணவர்கள்.

பல்கலைக்கழக மாணவரை அரசியலுக்குக் கொண்டுவருவது எது என்ற கேள்விக்கு இந்த வாழ்க்கையில் பதில் இருக்கிறது. சுட்ட அவமானம் ஒன்று, நல்ல ஆசிரியர் ஒருவர், கூடப் படுத்து எழும் தோழர்கள், கை நிறையப் புத்தகம், மாதாமாதம் வரும் உதவித்தொகை. இவற்றில் அவமானத்தை மட்டும் நம் சமூகம் தாராளமாகக் கொடுக்கிறது. மற்றவற்றை நாம் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

ஆகவே, அரசியல் வேண்டாம் என்று சொல்லும் தாய்மாருக்கு ஒரு வார்த்தை. உங்கள் பயம் நியாயமானது. ஆனால், உங்கள் பிள்ளை கட்டணம் கட்டாமல் படிப்பதே ஒருவர் செய்த அரசியலால்தான். கல்லூரியில் படிக்கும் தம்பி, தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. எந்தக் கட்சிக் கொடியின் கீழ் நிற்பது என்பதைப் பொறுமையாக முடிவு செய்யலாம். அவரும் பொறுமையாகத்தான் முடிவு செய்தார். அதற்குமுன் உங்கள் விடுதியில் நூலகம் இருக்கிறதா, குடிக்க நல்ல தண்ணீர் வருகிறதா, உதவித்தொகை தேர்வுக்கு முன் வந்து சேர்கிறதா என்று கேளுங்கள். தனியாகக் கேட்காதீர்கள், விடுதிப் பிள்ளைகள் எல்லோரும் கையெழுத்திட்டு மனுவாகக் கொடுங்கள். முதலாண்டு சேர்ந்த பிள்ளைக்குப் படிவம் நிரப்ப உதவுங்கள். பருவத் தேர்வையும் விட்டுவிடாதீர்கள். சோலாப்பூர் விடுதிப் பிள்ளைகள் தொடங்கியதும் அப்படித்தான்.